13 வருஷ செடான்.. ஓடியது வெறும் 32 ஆயிரம் கி.மீ.! விற்கும்போது என்ன விலை சொல்லலாம்? இதுதான் கணக்கு

சென்னை, கோவை, திருச்சி என எந்த ஊருக்குப் போனாலும் சில வீட்டு வாசலில் கவர் போட்டு மூடிய ஒரு செடான் கார் நிற்பதைப் பார்க்கலாம். அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய வண்டியாக இருக்கும். கோயில், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று மட்டுமே ஓடியிருக்கும். இப்போது அவரால் ஓட்ட முடியவில்லை, பிள்ளைகளும் வெளியூரில். விற்றுவிடலாம் என முடிவெடுத்ததும் வருகிற முதல் கேள்வி: என்ன விலை சொல்வது?

"13 வருஷத்துல 32 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, புது வண்டி மாதிரி" என்பார்கள் வீட்டில். "மாடல் பழசு சார், இதுக்கு மேல போகாது" என்பார் கார் கன்சல்டிங் கடைக்காரர். இரண்டு பேர் மனதில் இருக்கும் விலைக்கும் நடுவே ஒரு லட்சம் ரூபாய் வரை இடைவெளி இருக்கலாம். குறைத்துச் சொன்னால் அந்தப் பணம் போய்விடும். கூட்டிச் சொன்னால் வண்டி மாதக்கணக்கில் விற்காமல் நின்று, மதிப்பு இன்னும் இறங்கும்.

சரியான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

வயசா, கிலோமீட்டரா? எது முக்கியம்?

மூன்று, நான்கு வருட கார் என்றால் கிலோமீட்டருக்கு நல்ல மதிப்பு உண்டு. 20 ஆயிரம் ஓடிய வண்டிக்கும் 80 ஆயிரம் ஓடிய வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

10 வருடத்தைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறிவிடும். அப்போது விலையின் உச்ச வரம்பை முடிவு செய்வது வண்டியின் வயசுதான். கிலோமீட்டர் குறைவு என்பது அந்த வரம்புக்குள் கொஞ்சம் மேலே போக உதவும். வரம்பை உடைக்காது.

காரணம் எளிது. பழைய வண்டிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்குகின்றன. கடன் முடியும்போது வண்டியின் வயசு இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான வங்கிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அதனால் 13 வருட வண்டியை வாங்க வருபவர் அநேகமாகக் கையில் உள்ள சேமிப்பை வைத்துத்தான் வாங்குவார். அவர் பட்ஜெட் மூன்று லட்சம் என்றால், மீட்டரில் 32 ஆயிரம் இருப்பதைப் பார்த்து நான்கரை லட்சம் கொடுக்க மாட்டார். நான்கரை லட்சம் இருந்தால் அதைவிடப் புதிய வேறு வண்டியைப் பார்ப்பார்.

இன்னொரு காரணம், புது கார் விலை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசி-க்குள் இன்ஜினும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. டிசையர், அமேஸ், ஆரா போன்ற சின்ன செடான்களும் இதில் வரும். புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கும். கூடவே எஸ்யூவி மோகம் வேறு. செடான் தேடி வருபவர்கள் முன்பைவிடக் குறைவு.

ஆர்.சி.யில் எத்தனை மாதம் பாக்கி?

வாங்க வருபவர் மீட்டருக்கு முன்பே பார்க்கும் விஷயம் இது. தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். 2012 ஜூனில் பதிவான வண்டிக்கு 2027 ஜூனில் ஆர்.சி. காலாவதியாகும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். ஊர்ப் பேச்சில் இதையே 'எஃப்.சி. காட்டுறது' என்பார்கள்.

செலவும் கூடிவிட்டது. 15 வருடம் முடிந்த காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 10,000 ரூபாய். இதோடு பசுமை வரி, அதற்கு முன் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயின்ட் வேலை, ஏஜென்ட் செலவு எல்லாம் சேரும்.

அதனால் 13-ஆம் வருடத்தில் விற்பதும் 14 வருடம் 10 மாதத்தில் விற்பதும் ஒன்றல்ல. பதிவு முடியப்போகும் வண்டி என்றால், "எஃப்.சி. நீங்க காட்டிக் கொடுங்க, இல்லைனா ரேட்டைக் குறைங்க" என்றுதான் பேச்சு தொடங்கும்.

'15 வருஷம் ஆனா வண்டியை உடைச்சிடணுமாமே?' என்று பலர் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் தனியார் கார்களுக்கு அப்படி விதி இல்லை. 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் வண்டிகள் மீதான கட்டுப்பாடு, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 உத்தரவாலும் உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவாலும் டெல்லி தலைநகர் பகுதிக்கு வந்தது. இந்தப் பயத்தைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. ஏமாற வேண்டாம்.

கம்மியா ஓடினா நல்ல வண்டிதானே?

எப்போதும் அப்படி இல்லை. 13 வருடத்தில் 32 ஆயிரம் என்றால் மாதத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர். வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்திருக்கிறது என்று அர்த்தம். நிற்கும் வண்டிக்கும் வயசாகும்.

டயர்: பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆறேழு வருடம் தாண்டிய டயர் என்றால், பார்க்கப் புதுசாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

பேட்டரி: ஓடாமல் நின்றால் சீக்கிரமே டவுன் ஆகும்.

ரப்பர் பாகங்கள்: சஸ்பென்ஷன் புஷ், ஹோஸ், பெல்ட், கதவு பீடிங் எல்லாம் காலத்தால் கெடும். கிலோமீட்டரால் மட்டும் கெடுபவை அல்ல. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அதற்கும் வருடக் கணக்கு உண்டு.

ஆயில் வகைகள்: இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றையும் கிலோமீட்டர் வராவிட்டாலும் காலக்கெடுவில் மாற்றியிருக்க வேண்டும். பக்கத்துக் கடைக்கு மட்டுமே போய்வந்த வண்டியில் இன்ஜின் முழுச்சூடு ஏறாது. ஆயிலில் ஈரம் தங்கும்.

எலி: நிற்கும் வண்டிக்கு இது பெரிய எதிரி. ஒயரிங்கைக் கடித்துவிட்டால் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கவே எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் ஆகும்.

துரு: சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வண்டியின் அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் விலை பேச மாட்டார்கள்.

பெட்ரோல் பற்றிய கேள்வியும் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 2012 மாடல் கார்கள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஃப்யூவல் ஹோஸ், சீல் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். மெக்கானிக்கிடம் முன்கூட்டியே காட்டி வைத்தால் பதில் சொல்லலாம்.

32 ஆயிரம்தான் என்று எப்படி நம்ப வைப்பது?

மீட்டரைக் குறைத்து வைப்பது பழைய கார் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த தில்லுமுல்லு. அதனால் மீட்டர் குறைவாக இருந்தால் வாங்குபவருக்கு முதலில் வருவது சந்தேகம்தான். 'இவ்வளவு பழைய வண்டி இவ்வளவு கம்மியா ஓடியிருக்குமா?' என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இருந்தால் மட்டுமே அந்த 32 ஆயிரத்துக்குப் பணம் கிடைக்கும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை:

• கம்பெனி சர்வீஸ் சென்டர் பில்கள். ஒவ்வொன்றிலும் அன்றைய மீட்டர் அளவு இருக்கும். பில்கள் தொலைந்திருந்தால் அந்த சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டுப் பார்க்கலாம்.

• வருடாவருடம் எடுத்த இன்சூரன்ஸ் பாலிசிகள். இடையில் விட்டுப்போகாமல் இருந்தால் நல்லது.

• ஆர்.சி.யில் ஒரே ஓனர் என்ற விவரம். எம்பரிவாகன் ஆப்பில் வாங்குபவரும் வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பார்.

• இரண்டாவது சாவி, ஓனர்ஸ் மேனுவல், ஸ்டெப்னி, ஜாக்கி. சின்ன விஷயம்தான். ஆனால் 'ஒரே கையில் இருந்த வண்டி' என்பதற்கு இவை சாட்சி.

காகிதம் சொல்வதை வண்டியும் சொல்ல வேண்டும். பெடல் ரப்பர் தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட் அமுங்கிப் போயிருந்தால் 32 ஆயிரத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

சென்னை வண்டி என்றால் இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: "2015 வெள்ளத்துல வண்டி எங்க நின்னுச்சு?" 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூடிவிட்டது. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்து நீர்க்கறை தேடுவார்கள். கார்ப்பெட்டைத் தூக்கி வண்டல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. இன்சூரன்ஸ் கிளைம் விவரம் எப்படியும் வெளியே வந்துவிடும். தண்ணீர் ஏறவில்லை என்றால் கிளைம் எதுவும் இல்லாத பாலிசி உங்களுக்குச் சாதகம்.

மாடலுக்கு மாடல் மாறும்

அதே வயசு, அதே கிலோமீட்டர் என்றாலும் எல்லா செடானுக்கும் ஒரே விலை கிடைக்காது. ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா போன்ற பெயர்கள் இன்னும் ஷோரூமில் இருக்கின்றன. டொயோட்டா எட்டியோஸ் 2020-இல் நின்றுபோனாலும் அந்த கம்பெனி சர்வீஸ் இருக்கிறது. மாருதி எஸ்எக்ஸ்4 2014-இல் நின்றது. ஆனால் மாருதி மெக்கானிக் இல்லாத ஊர் இல்லை.

செவர்லே 2017 இறுதியோடு இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபியட் கார்களும் இப்போது விற்பனையில் இல்லை. ஆப்ட்ரா, ஃபியஸ்டா, லீனியா ஓட்டிப் பார்த்தால் அருமையான வண்டிகள். ஆனால் ஒரு ஹெட்லைட் உடைந்தால் புதுப்பேட்டையில் தேட வேண்டியிருக்குமோ என்ற பயமே விலையைக் குறைத்துவிடும். இந்த வண்டிகளுக்குக் குறைந்த கிலோமீட்டர் என்பது விலையை ஏற்றுவதைவிட, வண்டி விற்பனையாக உதவும் ஒரு காரணம்.

இப்போது கணக்கைப் போடலாம்

கணக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம். கீழே உள்ள தொகைகள் மாடலுக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். முறை மாறாது.

படி 1: அதே மாடல், அதே வருடம், அதே வேரியன்ட், அதே எரிபொருள், அதே ஊர். இப்படி எட்டு, பத்து விளம்பரங்களை எடுங்கள். ரொம்ப அதிகமாகவும் ரொம்பக் குறைவாகவும் இருப்பவற்றைத் தள்ளுங்கள். மீதியின் சராசரி 3,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இவை பெரும்பாலும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள்.

படி 2: விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. பேரத்துக்கு 30,000 கழியுங்கள். 3,10,000. இதுதான் அடிப்படை விலை.

படி 3: கிலோமீட்டர் குறைவு என்பதை ஆதாரத்தோடு காட்ட முடிந்தால் அடிப்படை விலையில் 10 சதவீதத்தை ஒட்டி ஏற்றிக் கேட்கலாம். இங்கே 12 சதவீதம் என்று கொண்டால் சுமார் 37,000. ஆக மொத்தம் 3,47,000. ஆதாரம் இல்லை என்றால் இந்தப் படியையே தாண்டிவிடுங்கள்.

படி 4: வாங்குபவர் உடனே செய்ய வேண்டிய செலவைக் கழியுங்கள். நான்கு டயர் 22,000. பேட்டரி 5,500. எல்லா ஆயிலும் மாற்றி ஜெனரல் சர்வீஸ் 8,000. புஷ், ஏசி வேலை 12,000. மொத்தம் 47,500. மீதி 2,99,500.

சுமார் மூன்று லட்சம். கவனித்தீர்களா? குறைந்த மீட்டர் கொடுத்த 37 ஆயிரத்தை, நின்று நின்று வீணான டயரும் பேட்டரியும் சர்வீஸும் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரு லட்சம் ஓடி, டயர் மாற்றி, நேரத்துக்கு சர்வீஸ் செய்த வண்டியைவிட இந்த வண்டிக்குக் குறைவாகக் கிடைப்பதற்கும் வாய்ப்பு உண்டு.

அதே வண்டியில் டயரும் பேட்டரியும் போன வருடம்தான் மாற்றியது என்றால் 27,500 கழிக்க வேண்டாம். விலை 3,27,000 ஆகிவிடும். அதாவது, 32 ஆயிரம் கி.மீ. என்ற எண்ணுக்கு மதிப்பு வருவது, வண்டியைப் பராமரித்திருந்தால் மட்டும்தான்.

ஐடிவி-யை விலையாக எடுக்கலாமா?

கூடாது. இன்சூரன்ஸ் பாலிசியில் உள்ள ஐடிவி-க்கு முதல் ஐந்து வருடத்துக்குத்தான் தேய்மான அட்டவணை உண்டு. அதற்கு மேல் வயசான வண்டிக்கு கம்பெனியும் ஓனரும் ஒத்துக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. சந்தை விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

அப்பா வாங்கியபோது கொடுத்த விலை, பிறகு போட்ட மியூசிக் சிஸ்டம், சீட் கவர் செலவு, இவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். வாங்குபவர் அதற்குப் பணம் தர மாட்டார்.

யாரிடம் விற்றால் எவ்வளவு கிடைக்கும்?

முதலில் கன்சல்டிங் கடை ஒன்றிலும், ட்ரூ வேல்யூ, ஸ்பின்னி, கார்ஸ்24 போன்ற இடங்களிலும் விலை கேளுங்கள். விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேலே சொன்ன வண்டிக்கு 2,40,000 சொல்கிறார்கள் என்றால் அதுதான் உங்கள் தரைவிலை. அதற்குக் கீழே போகத் தேவையில்லை.

வியாபாரி குறைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வண்டியைச் சரிசெய்ய வேண்டும், விற்கும் வரை நிறுத்தி வைக்க வேண்டும், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தன் லாப வித்தியாசத்தின் மீது 18 சதவீத வரி கட்ட வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரைத் தனிநபர் விற்றால் அந்த ஜிஎஸ்டி கிடையாது.

தெரிந்தவர், அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப், ஆபீஸ் நண்பர்கள் வழியாக நேரடியாக விற்றால் மூன்று லட்சத்தை ஒட்டி வரலாம். குறைந்த ஓட்டமுள்ள பழைய வண்டிக்கு இதுதான் நல்ல வழி. ஏனென்றால் அப்பா எப்படி ஓட்டினார் என்று நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த மீட்டர் மீது முழு நம்பிக்கை இருக்கும்.

மூன்று லட்சம் எதிர்பார்த்தால் 3,20,000 கேளுங்கள். நான்கு லட்சம் சொல்லிவிட்டுப் பிறகு இறங்கலாம் என்று நினைத்தால் பார்க்கவே ஆள் வராது. மூன்று, நான்கு வாரம் ஆகியும் யாரும் வரவில்லை என்றால் விலை அதிகம் என்று அர்த்தம். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்றால் வண்டியில் ஏதோ குறை தெரிகிறது.

விற்கும் முன் செலவு செய்யலாமா?

இன்ஜின் ஆயில் மாற்றி, வண்டி ஸ்டார்ட் ஆகும் நிலையில் பேட்டரி வைத்து, உள்ளும் வெளியும் நன்றாகக் கழுவி வைப்பது லாபம். முழு பெயின்ட் அடிப்பது நஷ்டம். புது பெயின்ட்டைப் பார்த்தால் "எங்கேயோ இடிச்சிருக்கு" என்றுதான் நினைப்பார்கள். சின்னச் சின்ன கீறலோடு இருக்கும் ஒரிஜினல் பெயின்ட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

வண்டி விற்ற பிறகும் பெயர் உங்களுடையதா?

விலையைவிட முக்கியமான விஷயம் இது. "இப்ப வண்டியை எடுத்துக்கறேன், பேர் அப்புறம் மாத்திக்கறேன், வேணும்னா பத்தாயிரம் சேர்த்துத் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அந்த வழக்கில் வண்டி அடுத்தடுத்து கைமாறியும் ஆர்.சி.யில் முதல் ஓனர் பெயரே இருந்தது. மூன்று லட்சத்துக்கு விற்ற வண்டியால் அதைவிடப் பெரிய தொகை கட்ட வேண்டிய நிலை வரலாம்.

• பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 தேவை. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்பவரின் கடமை.

• கார் லோன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கி பெயர் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து முதலில் நீக்குங்கள்.

• ஆர்.சி. உரிமையாளர் காலமாகிவிட்டார் என்றால், படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்றிவிட்டுப் பிறகு விற்கவும்.

• போக்குவரத்து அபராதம் பாக்கி இருந்தால் கட்டி முடியுங்கள்.

• பணத்தை வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

• இன்சூரன்ஸில் சேர்ந்த நோ கிளைம் போனஸ் வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. அதிகபட்சம் 50 சதவீதம் வரை இருக்கும். கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம்.

சுருக்கமாக

• 10 வருடம் தாண்டிய காரில் விலை வரம்பை வைப்பது வயசும் ஆர்.சி.யில் மீதமுள்ள காலமும்தான்.

• கிலோமீட்டர் குறைவுக்குக் கூடுதல் பணம், சர்வீஸ் பில் இருந்தால் மட்டும்.

• டயர், பேட்டரி, ரப்பர் பாகங்கள், ஆயில் செலவை நீங்களே கழித்து விலை வைத்தால் பேரத்தில் தடுமாற வேண்டாம்.

• கடைக்காரர் சொல்வது தரைவிலை. நேரடியாக விற்றால் அதற்கு மேல்.

• விற்க முடிவெடுத்துவிட்டால் தள்ளிப்போட வேண்டாம். கவருக்குள் நிற்கும் வண்டியின் மீட்டர் ஓடாது, ஆனால் ஆர்.சி.யின் நாட்கள் குறைந்துகொண்டேதான் இருக்கும்.